லாரிக்கு இருக்கும் கணக்கு

அன்புள்ள சார்,

சிறையிலிருந்து விடுதலையாகி வந்தவர்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். என் தாய்மாமா ஒரு கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்று ஏழு வருடம் புழலில் இருந்தார். எட்டு மாதம் முன்பு உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. உள்ளே போகும்போது வயது 31, அம்பத்தூரில் லேத் பட்டறை வேலை. இப்போது பழைய பட்டறையில் சேர்த்துக்கொள்ளவில்லை. நஷ்ட ஈடு கேட்கலாமா என்றால், "வெளியே வந்ததே பெரிசு, எதுக்குடா வம்பு" என்கிறார் அப்பா. என் நண்பனோ, "சாட்சி சரியில்லாமல் வெளியே வந்தவனுக்கெல்லாம் நம் வரிப்பணமா?" என்கிறான். இவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

பெயர் வேண்டாம், வியாசர்பாடி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் அப்பா சொல்வது எனக்குப் பழகிய பேச்சு. என் அப்பா தம்புச் செட்டித் தெருவில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தார். மேல்முறையீட்டில் விடுதலையான கட்சிக்காரர்கள் இனிப்பு டப்பாவோடு வீட்டுக்கே வருவார்கள். "போன வருஷங்களுக்கு என்ன?" என்று அவர்களில் ஒருவர்கூடக் கேட்டதில்லை.

அதே வக்கீல் மோட்டார் விபத்து வழக்குகளும் பார்த்தார். அங்கே எல்லோருமே கேட்டார்கள். உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சிறு வழக்குகள் நீதிமன்றத்தில்தான் சென்னையின் விபத்து வழக்குகள் நடக்கின்றன. லாரி மோதி ஒருவர் இறந்தால் அவர் வயதுக்கு என்ன எண் என்று 2009ல் உச்ச நீதிமன்றம் ஒரு அட்டவணையே வகுத்துக் கொடுத்தது. 31 வயது என்றால் 16. ஆண்டு வருமானத்தில் சொந்தச் செலவைக் கழித்துவிட்டு 16ஆல் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். மோதியது அரசுப் பேருந்து, பணம் வந்து சேரவில்லை என்றால் அமீனா போய் வண்டியையே ஜப்தி செய்து கோர்ட் வாசலில் நிறுத்திவிடுவார். பேப்பரில் அந்தப் படத்தைப் பார்க்காதவர் தமிழ்நாட்டில் உண்டா?

பேருந்து மோதிப் போன உழைப்புக்கு அரசிடம் கணக்கு இருக்கிறது. அடைத்து வைத்துப் போன உழைப்புக்கு இல்லை.

இந்தியாவில் அதற்கென்று சட்டமே கிடையாது. காரணமில்லாமல் ஒருவரைக் கைது செய்ய வைத்தவர், அதாவது புகார் கொடுத்தவர், அதிகபட்சம் 1,000 ரூபாய் தர வேண்டும் என்று ஒரு பிரிவு உண்டு. 2024 ஜூலையில் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பெயரை மாற்றினார்கள், பிரிவு எண்களை மாற்றினார்கள், அந்த ஆயிரத்தை மட்டும் தொடவில்லை. தவறாக வழக்கில் சிக்கவைக்கப்பட்டவர்களுக்கு ஈடு தரச் சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் 2018ல் தன் 277வது அறிக்கையில் வரைவோடு சொன்னது. அறிக்கையோடு நிற்கிறது.

சட்டம் இல்லாததால் எல்லாம் நீதிபதியின் மனசைப் பொறுத்தது. பீகாரில் ஒருவர் 1968ல் விடுதலையான பிறகும் 14 வருடம் சிறையிலேயே இருந்தார். 1983ல் உச்ச நீதிமன்றம் அவருக்கு 30,000 ரூபாய் தரச் சொன்னது. மகாராஷ்டிரத்தில் ஆறு பேருக்கு 2009ல் தூக்கு என்ற அதே உச்ச நீதிமன்றம், 2019ல் அவர்களை விடுவித்து ஆளுக்கு 5 லட்சம் என்றது. குஜராத்தின் அட்சர்தாம் கோயில் தாக்குதல் வழக்கில் 2014ல் விடுதலையானவர்கள் ஈடு கேட்டுப் போனபோது, அது ஆபத்தான முன்னுதாரணம் ஆகிவிடும் என்று சொல்லி மறுத்தது. நம் தேனி மாவட்ட வழக்கு ஒன்றில் தூக்குத் தண்டனைக் கைதியை 2025 ஜூலையில் விடுவித்தபோது, ஈடு என்பது சட்டமன்றங்கள் பார்க்க வேண்டிய விஷயம் என்று நிறுத்திக்கொண்டது. நாகர்கோவில்காரரான விஞ்ஞானி நம்பி நாராயணனுக்கு 50 லட்சம் கிடைத்ததே என்பீர்கள். 1994ல் கைது, 2018ல் தீர்ப்பு. அவர் அளவுக்குப் பேர் தெரிந்த மனிதருக்கே 24 வருடம்.

சரி, உங்கள் நண்பருக்கு வருவோம். அவர் கேள்வியைத் தள்ளிவிட மாட்டேன். சாட்சியை மிரட்டிப் பிறழ வைத்து வெளியே வருபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் விபத்து வழக்கிலும்தான் பொய்க் கோரிக்கை வருகிறது, அதற்காகத் தீர்ப்பாயத்தை யாரும் இழுத்து மூடவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். நம் கோர்ட் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பெயரே 'எதிரி'. முதல் எதிரி, இரண்டாம் எதிரி. சந்தேகத்தின் பலனை அளித்து எதிரியை விடுதலை செய்கிறேன் என்று எழுதினால், வெளியே வந்த பிறகும் அந்த 'எதிரி' போவதில்லை. தமிழ்நாடு காவல் பணி விதிப்படி, சந்தேகத்தின் பலனால் விடுதலையானவர் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார். அரசு தரப்பு நிரூபிக்கத் தவறியதற்கு இவர் ஏன் வாழ்நாள் முழுக்கப் பதில் சொல்ல வேண்டும்?

ஜப்பானில் இது கூலிக் கணக்கு மாதிரி. அடைபட்ட ஒரு நாளுக்கு 12,500 யென் வரை. இவாவோ ஹகமாடா என்ற முன்னாள் குத்துச்சண்டை வீரர் 1966ல் கைதாகி, தூக்குக் கைதியாக இருந்து, 2024ல் மறுவிசாரணையில் விடுதலையானார். 17,000 நாட்களுக்கு மேல் எண்ணி, 21 கோடி யென்னுக்கு மேல் கொடுத்தார்கள். போன வாழ்க்கைக்கு அது ஈடில்லைதான். ஆனால் நாளை எண்ணினார்களே! இங்கிலாந்தில் வேறு மாதிரி எண்ணினார்கள்: சிறையில் தின்ற சோற்றுக்கும் படுத்த இடத்துக்கும் ஈட்டிலிருந்து பிடித்தம். 2023ல்தான் அதைக் கைவிட்டார்கள்.

இனி உங்கள் மாமா விஷயம். பொய்யாக வழக்கு நடத்தியதற்காக நஷ்ட ஈட்டு வழக்குப் போட, விடுதலையான நாளிலிருந்து ஒரு வருடம்தான் கெடு. எட்டு மாதம் போய்விட்டது. தீய நோக்கத்தோடு வழக்கு ஜோடிக்கப்பட்டது என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும், அது கஷ்டம். பத்து லட்சம் கேட்டால் நீதிமன்றக் கட்டணமே 30,000 ரூபாய். கட்ட முடியாவிட்டால் வறியவர் என்று மனுப் போடலாம். அடிப்படை உரிமையை அரசு மீறியது என்று நேராக உயர் நீதிமன்றத்தில் போடும் ரிட் மனு தனி வழி. இரண்டில் எது பொருந்தும் என்று தீர்ப்பைப் படித்துப் பார்த்த ஒரு வக்கீல்தான் சொல்ல முடியும். உயர் நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, வருமானம் குறைவு என்றால் வக்கீல் இலவசம். அப்பாவிடம் பிறகு பேசிக்கொள்ளலாம். முதலில் தீர்ப்பின் சான்று நகலை எடுத்துக்கொண்டு மாமாவோடு பாரிமுனைக்குப் பஸ் ஏறுங்கள்.