ஏழெட்டுப் பேருக்கு வட்ஸ்அப் குழு போதாதா, ஸ்லாக் என்ற அலுவலக அரட்டைச் செயலி எதற்கு?

போதும்தான், ஒரே நேரத்தில் ஒரே வேலை ஓடினால்.

வெள்ளவத்தையில் எங்களுடையது அழைப்பிதழ் வடிவமைக்கும் சின்ன இடம், ஆறு பேர். ஸ்லாக்குக்கு வந்து இரண்டு மாதம். முதல் கிழமை எல்லோருக்கும் எரிச்சல். எந்தச் சனலில் (ஒவ்வொரு விஷயத்துக்கும் தனியாக வைக்கும் அரட்டை அறை) எதைப் போடுவது என்பதே பெரிய விவாதம்.

மனம் மாறியது த்ரெட்டால். ஒரு செய்திக்கு வரும் பதில்கள் அதன் கீழேயே தனியாகச் சேரும். போன கிழமை ஒரு கல்யாண அட்டையில் மணமகளின் பெயருக்கு இரண்டு சுழி 'ன'வா மூன்று சுழி 'ண'வா என்று பதினான்கு செய்தி ஓடியது. வட்ஸ்அப் என்றால் நடுவில் மதியச் சாப்பாட்டு ஓடரும் காலை வணக்கப் படமும் புகுந்து, கடைசியில் என்ன முடிவென்று தேடியே களைத்திருப்போம். இதில் அட்டைப் படத்தைத் திறந்தால் முடிவு அடியிலேயே கிடந்தது. (மூன்று சுழி.) புதிதாகச் சேர்ந்தவரும் சனலின் பழைய பேச்சைத் தானே வாசித்துக்கொண்டார்.

சரி, குறை? இலவசத் திட்டத்தில் கடைசி 90 நாள் செய்திகள்தான் தெரியும். ஆகவே இறுதி ஃபைல்களை வேறிடத்தில் சேமியுங்கள். வாடிக்கையாளர்கள் வட்ஸ்அப்பை விட்டு வரமாட்டார்கள், அதனால் இரண்டையும் பார்க்கத்தான் வேண்டும்.

2009இல் கூகுள் வேவ் மின்னஞ்சல், அரட்டை, ஆவணம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து பார்த்தது. அடுத்த வருடமே கூகுள் அதைக் கைவிட்டது. ஸ்லாக் அவ்வளவு ஆசைப்படவில்லை. நீங்களும் மூன்று சனலோடு தொடங்குங்கள், அதில் ஒன்று சாப்பாட்டுக்கு.