தொல்லியல் படிக்கட்டும், கூடவே சட்டமும்

கடலூர் முதுநகரிலிருந்து எழுதிய அப்பாவுக்கு. மகள் பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்திருக்கிறாள், நீங்கள் பி.காம். என்று முடிவு செய்து வைத்திருந்தீர்கள், அவள் தொல்லியல்தான் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள், "மண் தோண்டுற வேலைக்கா இவ்வளவு செலவு பண்ணினேன்" என்று கேட்டிருக்கிறீர்கள். கோபம் நியாயம்தான் சார். ஆனால் அந்த வேலையில் தோண்டுவது வருடத்தில் சில மாதம்தான். மற்ற நேரமெல்லாம் காகிதம்: சர்வே எண், அரசிதழ் அறிவிக்கை, ஆட்சேபணை மனு, கோர்ட் வாய்தா. வேலை வாய்ப்பைத் தேட வேண்டியதும் அங்கேதான் என்பது என் எண்ணம்.

போன மாதம் புதுச்சேரி அரிக்கமேட்டுக்குப் போயிருந்தேன். 1945-ல் ஆங்கிலேயத் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் ரோமானிய மதுச்சாடித் துண்டுகளைத் தோண்டி எடுத்த இடம். இன்று பார்க்கக் கிடைப்பது மரநிழலும் பழைய செங்கல் சுவரும்தான். வாசலில் மத்திய தொல்லியல் துறையின் பலகை, பாதி எழுத்து உரிந்து, அதன் காலில் யாரோ ஆட்டைக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அந்தப் பலகைக்குப் பின்னால் பழைய சின்னங்களைப் பாதுகாக்கும் 1958-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் இருக்கிறது. 2010-ல் அதைத் திருத்திய பிறகு, மத்திய அரசு பாதுகாக்கும் சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாக எதுவும் கட்டக் கூடாது, அதற்கு அடுத்த 200 மீட்டரில் அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும், மீறினால் இரண்டாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

இது எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. தேசிய முக்கியத்துவம் உள்ளவை என்று நாடாளுமன்றச் சட்டம் அறிவித்தவை போக, மற்ற பழைய சின்னங்களை அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணை மாநிலப் பட்டியலில் வைத்திருக்கிறது. அதனால் தமிழ்நாட்டுக்கென்று 1966-ல் தனிச் சட்டம் வந்தது. அதன்படி அறிவிப்பதும் பராமரிப்பதும் 1961-ல் தொடங்கிய நம் மாநிலத் தொல்லியல் துறை. 2024-ல் உங்கள் மாவட்டத்து மருங்கூரில் அகழாய்வு செய்ததும் இவர்கள்தான். பஸ் புதுச்சேரி எல்லையான முள்ளோடையைத் தாண்டினால் அந்த 1966 சட்டம் இறங்கிக்கொள்ளும், மத்திய சட்டம் மட்டும் கூடவே வரும். (கடலூர்க்காரர்களுக்கு முள்ளோடை தாண்டினால் வேறு என்னென்ன மாறும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.) பழைய கட்டடங்களுக்காகத் தமிழ்நாட்டில் 2012-ல் பாரம்பரிய ஆணையச் சட்டம் ஒன்றும் போட்டார்கள், அது பத்து வருடத்துக்கு மேல் ஏட்டிலேயே கிடந்தது.

சரி, இதில் பிழைப்பு எங்கே என்கிறீர்களா? என் நண்பர் ஒருவர் செஞ்சிக் கோட்டைப் பக்கம் ஐந்து சென்ட் வாங்கினார். வில்லங்கச் சான்று சுத்தம், பட்டா சரி, வக்கீலும் தலையாட்டிவிட்டார். கடன் கேட்டுப் போனபோது வங்கியில் தொல்லியல் துறையின் தடையில்லாச் சான்று கேட்டார்கள். வில்லங்கச் சான்றில் விற்பனையும் அடமானமும் வரும், கோட்டையிலிருந்து மனை எத்தனை மீட்டர் என்று வராது. ஒன்றரை வருடம் அலைந்தார். தொல்லியல் தெரிந்தவருக்குச் சட்டம் தெரியவில்லை, சட்டம் தெரிந்தவருக்கு எல்லைக்கல் எங்கே என்று தெரியவில்லை. இரண்டும் தெரிந்த ஒரு ஆள் இருந்திருந்தால் மனுஷன் கேட்ட ஃபீஸைக் கொடுத்திருப்பார். வங்கி, மனை விற்பவர்கள், சாலைத் திட்டங்களுக்கு அறிக்கை எழுதும் நிறுவனங்கள், கோயில் நில வழக்குகள் என்று இப்படிப்பட்ட ஆளுக்குத் தேவை இருக்கிறது.

அரசு வேலையை மட்டும் நம்பி இறங்க வேண்டாம், அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். டி.என்.பி.எஸ்.சி. தொல்லியல் அலுவலர் தேர்வு வருடா வருடம் வராது, வந்தாலும் இடங்கள் கொஞ்சம்.

அதனால் என் யோசனை: தேவனாம்பட்டினம் பெரியார் கலைக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு, வீட்டிலிருந்தே போய் வரலாம். 1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கிய புனித டேவிட் கோட்டையின் மிச்சமும் அந்தப் பக்கம்தான். அது முடிந்ததும் மூன்று வருட எல்.எல்.பி. இப்போதே சட்டத்தில் ஆர்வம் தெரிந்தால் விழுப்புரம் அரசு சட்டக் கல்லூரியில் ஐந்து வருடப் படிப்புக்கு முயற்சி செய்யலாம். இல்லை, கல்வெட்டுதான் உயிர் என்றால் முதுகலைக்குத் தஞ்சை தமிழ்ப் பல்கலைக்கழகம், அதன் பிறகு மாநிலத் தொல்லியல் துறை நடத்தும் இரண்டு வருட முதுநிலைப் பட்டயம், நுழைவுத் தேர்வு உண்டு. கல்வெட்டு வழியில் போனாலும் சட்டத்தை விடச் சொல்லாதீர்கள்.

அப்புறம், அவளிடம் ஒரு சோதனை வையுங்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின் நகலை எடுத்துக் கொடுங்கள், சின்னச் சட்டம்தான். பூமியில் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும் கலெக்டருக்கு எழுத்தில் சொல்ல வேண்டும் என்கிறது. அந்தப் பத்து ரூபாய் இன்னும் அப்படியே இருக்கிறது! நம் வீட்டுத் தோட்டத்தில் பானை ஓடு கிடைத்தால் இது பொருந்துமா என்று அவளாகவே கேள்வி கேட்டால் தாராளமாகச் சட்டத்துக்கு அனுப்புங்கள். இரண்டாம் பக்கத்தில் தூங்கிவிட்டால் பி.ஏ.வோடு நிறுத்தி யோசிப்போம். அதுவரை பி.காம். கட்டணத்தை மட்டும் கட்டிவிடாதீர்கள், திரும்ப வாங்குவதற்குள் செருப்பு தேய்ந்துவிடும்.