ஒரே இரவில் ஒரு கல்லறை

அன்புள்ள ஐயா,

ஒரு கொரியத் தொடரைப் பார்த்துவிட்டு, பழங்கொரியாவின் பெக்ஜே நாட்டு அரசர் முர்யோங்கைப் பற்றித் தேடிப் படித்தேன். கொரியாவின் பழைய வரலாற்று நூலான சம்குக் சாகி அவரை முந்தைய அரசர் தோங்சோங்கின் மகன் என்கிறது. ஜப்பானின் பழைய வரலாற்று நூலான நிஹோன் ஷோகி இல்லை என்கிறது. எதை நம்புவது? 1971இல் அவர் கல்லறையை ஒரே இரவில் தோண்டி முடித்தார்களாமே! என்ன வேகம், என்ன அர்ப்பணிப்பு! இங்கேயானால் பத்து வருடம் இழுத்திருப்பார்கள்.

சரவணன்

அன்புள்ள சரவணன்,

முர்யோங் 523இல் 62 வயதில் இறந்தார் என்கிறது கல்லறையில் கிடைத்த கல்வெட்டு. அப்படியானால் 479இல் தோங்சோங் அரியணை ஏறியபோது இவருக்கு 18 வயது. தோங்சோங்கோ அப்போது சிறுவன் என்கிறது நிஹோன் ஷோகி. அப்பாவைவிட மூத்த மகன் உண்டா? 1145இல் எழுதிய சம்குக் சாகி இந்த இடத்தில் சறுக்கிவிட்டது, அவ்வளவுதான். தொடரைப் பற்றி எனக்குச் சொல்ல எதுவுமில்லை.

ஆனால் ‘அர்ப்பணிப்பு’ என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? சில நாட்களாக இதே நினைப்பில் இருக்கிறேன், நீங்கள் வந்து கிளறிவிட்டீர்கள். தென்கொரியாவின் கோங்ஜு நகரில் பழைய கல்லறைகளுக்குள் தண்ணீர் இறங்காமலிருக்க வடிகால் வெட்டியபோது தட்டுப்பட்ட செங்கல் கல்லறை அது. திருடன் கை படாதது. பெக்ஜே அரசர்களில் இன்னாருடையது என்று அடித்துச் சொல்லக்கூடிய ஒரே கல்லறை. செய்தி பரவி நிருபர்கள் மொய்த்தார்கள். நெரிசலில் ஒரு வெண்கலக் கரண்டி மிதிபட்டு முறிந்தது. மிரண்டுபோன குழு, விடிவதற்குள் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட முடிவு செய்தது. பெரிய பொருட்களை எடுத்தபின் தரையில் கிடந்ததைக் கூட்டி அள்ளிச் சாக்கில் போட்டார்கள். கல்யாண மண்டபத்தைக் காலி செய்கிறவர்கள்கூட இதைவிட நிதானமாகக் கூட்டுவார்கள். எந்த மணி எந்த நகையோடு கோத்திருந்தது என்று இனி யார் சொல்வது? குழுவுக்குத் தலைமை தாங்கிய கிம் வொன்யோங்கே பிற்காலத்தில் இதற்காக வெளிப்படையாக வருந்தினார். நீங்கள் கைதட்டுகிறீர்கள்.

முர்யோங்கைப் புதைத்தவர்களின் நிதானத்தைப் பாருங்கள். 523 ஐந்தாம் மாதம் இறந்தவரை 525 எட்டாம் மாதம்தான் கல்லறையில் வைத்தார்கள். இரண்டேகால் வருடம். அரசிக்கும் அதே கணக்கு: 526இல் இறந்தார், 529இல் அடக்கம். நாட்டுக்கே அரசர், ஆனாலும் புதைக்கும் மண்ணைப் பூமித் தெய்வங்களிடமிருந்து விலை கொடுத்து வாங்கியதாகக் கல்லில் பத்திரம் எழுதினார்கள். விலை பத்தாயிரம் காசு. பேருக்காவது இருக்கட்டும் என்று ஒரு கொத்து இரும்புக் காசையும் கல்மேல் வைத்தார்கள். அப்படி மண்ணுக்கு மரியாதை செய்து உள்ளே வைத்ததை ராத்திரியோடு ராத்திரியாக வாரிக்கொண்டு வந்தாயிற்று.

தோண்டுவதை ஒருமுறைதான் செய்ய முடியும், தம்பி. பத்து வருடம் இழுத்திருந்தால் நான் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

நீங்கள் தேடிப் படிக்கிறவர் என்பதால்தான் இவ்வளவு திட்டு. கோங்ஜு தேசிய அருங்காட்சியகத்துக்கு என்றாவது போனால், தங்கக் கிரீட அணிகளுக்கு முன்னால் மொத்த நேரத்தையும் கழித்துவிடாதீர்கள். அரசியின் கல்வெட்டைத் தேடிப் பாருங்கள். அவருக்கெனப் புதுக் கல் வெட்டவில்லை; கணவரின் நிலப் பத்திரத்தையே திருப்பிப்போட்டு, பின்பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள்.