வீணாய்ப் போன சட்டப் படிப்பு

அன்புள்ள ஐயா,

சட்டம் படித்து, சேம்பரிங் என்னும் வழக்கறிஞர் பயிற்சியை முடித்து, ஜாலான் டூத்தா நீதிமன்றத்தில் இரண்டு ஆண்டுகள் வழக்காடினேன். பிறகு அகதிகளுக்கு உதவும் ஓர் அமைப்பில் சேர்ந்தேன். இப்போது அனைத்துலக மேம்பாட்டுப் பணிகளுக்கு விண்ணப்பிக்கிறேன். "படித்த சட்டம் வீணாப்போச்சு" என்கிறார் அம்மா. எனக்கும் அப்படித்தான் படுகிறது. லண்டனில் முதுகலை படித்தால் சரியாகுமா?

ஒரு வாசகி, கோலாலம்பூர்

அன்புள்ள தங்கச்சி,

அம்மாவை விடுங்கள். கறுப்புக் கோட்டில் மகள் நிற்கும் படத்தை வரவேற்பறையில் மாட்டியவருக்கு வருத்தம் இருக்கத்தான் செய்யும். உங்களுக்கு ஏன் அப்படிப் படுகிறது? அதுதான் எனக்கு எரிச்சல்.

கெடாவில் ஒரு ரப்பர் தோட்டம் கைமாறி ஆட்குறைப்பு நடந்தபோது, பினாங்கிலிருந்து ஓர் இளம் வழக்கறிஞர் வந்தார். தமிழ் அவருக்குத் தடுமாறும். மொழிபெயர்க்க நான் போனேன். கொஞ்ச நாளாக அவர் நினைப்பாகவே இருந்தேன், உங்கள் கடிதம் வந்தது. ஆட்குறைப்புக்கான 1980ஆம் ஆண்டு விதிமுறைப்படி, ஐந்து வருஷமும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு வருஷத்துக்கு 20 நாள் சம்பளம் ஈட்டுத்தொகை. இரண்டு வருஷத்துக்குக் குறைவென்றால் 10 நாள்தான். எல்லாம் வருஷக் கணக்கில் நிற்கிறது. நிர்வாகமோ பழைய செக்ரோல், அதாவது ஆள் பதிவேடு, இல்லை என்று கையை விரித்தது. பால் மரம் வெட்டும் ஓர் அக்காவிடம் எப்போது வேலைக்கு வந்தீர்கள் என்றால், "பெரியவன் வயித்துல இருக்கறப்ப" என்கிறார். எனக்குச் சலித்துவிட்டது. வழக்கறிஞருக்குச் சலிக்கவில்லை. பெரியவனின் சூராட் பெரானாக், அதாவது பிறப்புப் பத்திரம், இருக்கிறதா என்று கேட்டார். தகரப் பெட்டிக்குள்ளிருந்து வந்தது. பிறந்த இடம்: அதே தோட்டம்! வருஷக் கணக்குக்கு அத்தாட்சி கிடைத்துவிட்டது.

அது சட்ட வேலையா, மேம்பாட்டு வேலையா? நீங்களே சொல்லுங்கள். பெரிய அமைப்புகள் கணக்கெடுப்புத் தாளோடு ஆள் அனுப்புகின்றன. "தெரியவில்லை" என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். குறுக்கு விசாரணையில் அடிபட்ட ஆள் அப்படிப் போகமாட்டார். மலேசியா 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. நம் குடிநுழைவுச் சட்டத்தில் அகதி என்ற தனி வகையே கிடையாது. அதன் விளைவு என்னவென்று தடுப்புக்காவலில் இருப்பவரை விடுவிக்க மனு போடத் தெரிந்த உங்களுக்கா பாடம் எடுக்க வேண்டும்?

பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தின் வழக்கறிஞராக இருந்த மீனாட்சி ராமனைப் பாருங்கள். ஈப்போ அருகே புக்கிட் மேராவில் அரியமண் (rare earth) ஆலைக் கழிவை எதிர்த்து மக்கள் 1985இல் தொடுத்த வழக்கில் நின்றவர். 1992இல் ஈப்போ உயர் நீதிமன்றத்தில் வென்றார்கள். மறு ஆண்டே மேல்முறையீட்டில் தீர்ப்பு புரண்டது. ஆனாலும் ஆலை மூடப்பட்டது. அதே மீனாட்சி பிற்பாடு ஐநா பருவநிலைப் பேச்சுவார்த்தைகளில் ஏழை நாடுகளுக்காகப் பேசினார். அவர் சட்டத்தை எங்கே விட்டார்?

லண்டனா? உதவித்தொகை கிடைத்தால் போங்கள். கடன் வாங்கிப் போக வேண்டாம். அப்புறம், விண்ணப்பத்தில் அந்த இரண்டு ஆண்டுகளைக் கடைசிப் பக்கத்தில் ஒளிக்காமல் முதலில் போடுங்கள். எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன்.