தோப்பை அடகு வைத்து வாங்கும் கல்லூரி சீட்

சென்ற வாரம் பண்ருட்டிக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்திலிருந்து ஒரு குடும்பம் மேற்படிப்புக்கு ஆலோசனை கேட்டு என்னைப் பார்க்க வந்திருந்தது. தந்தைக்கு இரண்டரை ஏக்கர் முந்திரித் தோப்பு. தாய் வீட்டிலேயே முந்திரிக்கொட்டை உடைத்துக் கொடுக்கிறார். மகள் அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்திருக்கிறாள். கூடவே தாய்மாமனும் வந்திருந்தார். பேசியவர் பெரும்பாலும் அவர்தான். சென்னைப் புறநகரில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் கணினி அறிவியலுக்கு இடம் பேசியாகிவிட்டது, விடுதியோடு சேர்த்து நான்கு ஆண்டுக்குப் பன்னிரண்டு லட்சம், தோப்பை அடகு வைத்தால் தொகை புரண்டுவிடும், பெண்தான் வேதியியல் என்று பிடிவாதம் பிடிக்கிறாள், நீங்கள் நாலு வார்த்தை சொல்லிச் சம்மதிக்க வைக்க வேண்டும் என்றார். தந்தை கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "கெமிஸ்ட்ரி படிச்சா பொண்ணு எதிர்காலம் வீணாயிடுமா சார்?"

பதறாதீர்கள், யோசித்துச் சொல்கிறேன் என்று அன்று அனுப்பி வைத்தேன். யோசித்துவிட்டேன். அவருக்குச் சொல்வதை, இதே நிலையில் இருக்கும் மற்ற பெற்றோரும் படிக்கட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

ஐயா, உங்கள் மைத்துனர் கேட்டுக்கொண்டபடி உங்கள் மகளைச் சம்மதிக்க வைக்க நான் முயலப் போவதில்லை. அந்த இடத்தை வாங்காதீர்கள். தோப்பை அடகு வைக்காதீர்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். கணிதத்தில் 71, இயற்பியலில் 80, வேதியியலில் 96. பொறியியல் கலந்தாய்வுக்கான கட்-ஆஃப் 200க்கு 159 வருகிறது. நல்ல கல்லூரியின் கணினி அறிவியல் பிரிவு இந்த மதிப்பெண்ணுக்கு எட்டாது என்பதால்தான் நிர்வாக ஒதுக்கீட்டைப் பற்றிய பேச்சே எழுந்தது. ஆனால் உங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரியாகப் போகும் பெண்ணுக்கு அரசு தரும் கல்விக் கட்டணச் சலுகை கலந்தாய்வு வழியே இடம் பெறுபவர்களுக்குத்தான் உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்த அன்றே அது கைவிட்டுப் போகிறது என்பதை உங்களுக்கு யாரும் சொல்லவில்லை. வங்கிகள் 7.5 லட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடனைச் சொத்துப் பிணையின்றித் தருவதற்கு மத்திய அரசின் உத்தரவாதத் திட்டம் இருக்கிறது. பன்னிரண்டு லட்சம் அந்த வரம்புக்குள் அடங்காததால்தான் உங்கள் பத்திரத்தைக் கேட்கிறார்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் ஒரு மரம் மிச்சமில்லாமல் சாய்ந்த தோப்பு அது. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்து ஒட்டுக்கன்று வாங்கி வைத்து, தண்ணீர் சுமந்து, காய்ப்புக்கு வரும்வரை கூலி வேலைக்குப் போனதாக நீங்களே சொன்னீர்கள். கணிதத்தில் 71 எடுத்த, கணினியில் ஈடுபாடு இல்லாத ஒரு பெண்ணை, அவள் விரும்பாத படிப்பில் சேர்ப்பதற்காக அதைப் பணயம் வைப்பதை என்னால் முதலீடு என்று சொல்ல முடியாது.

இனி உங்கள் மகளைப் பற்றி. உங்கள் மைத்துனர் தொலைபேசியோடு வெளியே போன பத்து நிமிடத்தில் அவள் என்னிடம் பேசியதை நீங்களும் கேட்டீர்கள். ஆனால் கவனித்தீர்களா என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா கையில் சாம்பலைப் பூசிக்கொண்டுதான் கொட்டை உடைக்கிறார் என்றும், அப்படியும் விரல் நுனி கறுத்துத் தோல் உரிந்துவிடுகிறது என்றும் சொன்னாள். தாத்தா, கொட்டை உடைக்கும்போது கையில் படும் அதே ஓட்டு எண்ணெயை மாட்டுக் கொட்டகைக் கம்பங்களில் பூசி வைத்தார், அந்தக் கம்பங்களில் மட்டும் கரையான் ஏறவில்லை என்றாள். பிறகு, "கையைப் புண்ணாக்குறதும் கரையானை விரட்டுறதும் ஒரே பொருளா சார், இல்ல ரெண்டா?" என்று கேட்டாள். மதிப்பெண் பட்டியலில் இருக்கும் 96ஐ விட இந்தக் கேள்விதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். சம்பளம் எவ்வளவு என்று கேட்கும் பிள்ளைகளே அதிகம்.

அவள் கேள்விக்கு விடை தேடப் போனால் அவள் படிக்க விரும்பும் துறை எது என்பதும் உங்களுக்கு விளங்கிவிடும். கொட்டையின் எடையில் பருப்பு ஏறக்குறையக் கால் பங்குதான். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஓடு. அந்த ஓட்டை உங்கள் ஊரில் எடைக்குப் போடுகிறார்கள் அல்லது அடுப்பில் எரித்து, கண்ணைக் கரிக்கும் புகையை ஊர் முழுவதும் பரப்புகிறார்கள். ஓட்டின் எடையில் கால் பங்கு வரை எண்ணெய் இருக்கிறது. பார்வைக்கு ஒரே கறுப்புக் குழம்பாகத் தெரியும் அதில் அனகார்டிக் அமிலம், கார்டால், கார்டனால் என்று முக்கியமாக மூன்று வகைச் சேர்மங்கள் கலந்திருக்கின்றன. தோலைப் புண்ணாக்குவதில் முதல் இரண்டுக்கும் பெரும் பங்கு உண்டு. மாங்காய்ப் பால் பட்டால் உதடு வெந்துபோவதும், சலவைத் தொழிலாளர்கள் துணியில் குறியிடப் பயன்படுத்திய சேங்கொட்டை தோலைக் கொப்புளிக்கச் செய்வதும் இதற்கு உறவான சேர்மங்களால்தான். மாவும் முந்திரியும் சேங்கொட்டையும் ஒரே தாவரக் குடும்பம்.

இந்த மூன்றையும் பிரிப்பதுதான் வேதியியல் படித்தவரின் வேலை. சூடு காட்டாமல், கரைப்பான் (எண்ணெயைக் கரைத்தெடுக்கும் திரவம்) கொண்டு ஓட்டிலிருந்து எண்ணெயை எடுத்தால் அதில் பெரும்பகுதி அனகார்டிக் அமிலமாக இருக்கும். அதில் கால்சியம் ஹைட்ராக்சைடைச் சேர்த்தால், அதாவது நம் வீட்டுச் சுண்ணாம்பைத்தான், அந்த அமிலம் மட்டும் உப்பாகிக் கீழே படிந்துவிடும். மற்றவை கரைசலில் தங்கிவிடும். படிந்ததை வடிகட்டி, அமிலம் விட்டு மீட்டால் ஏறக்குறையத் தூய பொருள் கிடைக்கிறது. நுண்ணுயிர்களைக் கட்டுப்படுத்தும் அதன் தன்மை குறித்து ஆய்வகங்களில் நெடுநாளாக வேலை நடக்கிறது. மாறாக, கொட்டையை வறுக்கும்போதோ எண்ணெயை நன்றாகச் சூடேற்றும்போதோ அனகார்டிக் அமிலம் தன்னிடமுள்ள கரியமில வாயுவை வெளியேற்றிவிட்டுக் கார்டனாலாக மாறிவிடுகிறது. உங்கள் ஊர் வறுவல் பீப்பாயிலிருந்து வடிகிற எண்ணெயும், பச்சை ஓட்டிலிருந்து எடுத்த எண்ணெயும் வேறு வேறு சரக்கு என்பது இதனால்தான். கார்டனாலைக் குறைந்த அழுத்தத்தில் காய்ச்சி வடித்தால் வைக்கோல் நிறத் திரவமாக வருகிறது. அது ஃபீனால் என்ற வேதிப்பொருள் வகையைச் சேர்ந்தது. ஆனால் பதினைந்து கார்பன் நீளமுள்ள வாலோடு இயற்கையே செய்து கொடுத்த ஃபீனால். அந்த வாலைப் பெட்ரோலிய மூலப்பொருளிலிருந்து ஒட்ட வைப்பது செலவு பிடித்த வேலை.

அதைக் கொண்டு என்ன செய்கிறார்கள் என்று கேட்பீர்கள். நீங்கள் வந்த பேருந்தின் பிரேக் கட்டையில் முந்திரி ஓட்டு எண்ணெயிலிருந்து செய்த பிசினும் பொடியும் இருக்க வாய்ப்பு அதிகம். உரசலின் சூட்டைத் தாங்கி, பிடிப்பைச் சீராக வைத்திருக்க அவை உதவுகின்றன. கப்பலின் அடிப்பகுதிக்குப் பூசும் எப்பாக்சி என்ற பிசின் கலந்த வண்ணங்களை இறுக்கும் பொருள்களில் ஒரு வகை கார்டனாலிலிருந்து வருகிறது. ஈரமான பரப்பிலும் குளிரிலும் இறுகும் என்பது அதன் சிறப்பு. நீர்வாழ் உயிர்களின் ஹார்மோன்களைக் குலைப்பதால் ஐரோப்பாவில் கட்டுப்படுத்தப்பட்ட நோனைல்ஃபீனால் வகைச் சலவைப் பொருள்களுக்கு மாற்றாகவும் இதைக் கொண்டு வருகிறார்கள். பருப்பின் மேல் ஒட்டியிருக்கும் செந்தோலைக்கூட விடவில்லை. அதிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் தோல் பதனிடப் பயன்படும்.

முந்திரி ஓர் எடுத்துக்காட்டுதான். சேலத்து ஜவ்வரிசி ஆலைகளில் மிஞ்சும் மரவள்ளிச் சக்கையான திப்பி, பெரம்பலூர்ச் சின்ன வெங்காயத்தின் சருகு, தவிட்டு எண்ணெய் ஆலையின் கசடு, புளியங்கொட்டை, கரும்புச் சக்கை என்று கழிவு என்று தள்ளப்படும் ஒவ்வொன்றிலும் பிரித்தெடுக்க ஏதோ ஒன்று இருக்கிறது. இது இப்போது கிளம்பிய கவர்ச்சிப் பேச்சும் அல்ல. அமெரிக்காவில் 1920களிலேயே ஓட்ஸ் உமிக் குவியலிலிருந்து ஃபர்ஃபுரால் என்ற வேதிப்பொருளை ஆலை அளவில் எடுக்கத் தொடங்கினார்கள். இன்றும் அது பயிர்க் கழிவிலிருந்துதான் வருகிறது. தாவரச் சேர்மங்களின் வேதியியலில் உலகம் மதித்த டி.ஆர். சேஷாத்ரி குளித்தலையில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த டி.ஆர். கோவிந்தாச்சாரி, வயதான காலத்திலும் வேப்பங்கொட்டையின் சேர்மங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

இதற்கு என்ன படிக்க வேண்டும்? பி.எஸ்சி. வேதியியல், அதுவும் அரசுக் கலைக் கல்லூரியில். கடலூரில் பெரியார் கல்லூரியும் விருத்தாசலத்தில் கொளஞ்சியப்பர் கல்லூரியும் உங்களுக்குப் பக்கம். ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்களுக்குள் முடியும். உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் அவள் கணக்குக்கே வரும். உயிரித் தொழில்நுட்பம், நானோ என்று கவர்ச்சியான பெயர் வைத்த தனியார் கல்லூரிப் படிப்புகளை யாராவது இதற்கு மாற்றாகச் சொன்னால், ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

ஆனால் பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் இந்தத் துறையில் தரக் கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் பயிற்சி ஊழியர் நிலைக்கு மேல் போவது கடினம். அந்தச் சம்பளம் உங்கள் மைத்துனர் சொல்லும் கணினிச் சம்பளத்துக்குப் பக்கத்தில்கூட வராது. இதை மறைத்துவிட்டு உங்களை அனுப்ப எனக்கு மனமில்லை. ஆகவே முதல் நாளிலிருந்தே குறி, ஐ.ஐ.டி.கள் நடத்தும் ஜாம் நுழைவுத் தேர்வாக இருக்க வேண்டும். மூன்றாம் ஆண்டில் படிக்கும்போதே எழுதலாம். செப்டம்பர் வாக்கில் விண்ணப்பம், பிப்ரவரியில் தேர்வு. ஐ.ஐ.டி.களிலும் என்.ஐ.டி.களிலும் எம்.எஸ்சி. வேதியியலுக்கு இதுவே வாசல். கேள்வித்தாள் ஆங்கிலத்தில் இருக்கும், இயற்பிய வேதியியல் பகுதிக்குக் கணிதமும் வேண்டும். ஆகவே கணிதத்தின் 71ஐ அப்படியே விட்டுவிடக் கூடாது, முதல் பருவத்திலிருந்தே பாடத்தை ஆங்கிலப் புத்தகத்திலும் ஒருமுறை படிக்க வேண்டும். எம்.எஸ்சி.க்குப் பிறகு சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெற்றால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. படிப்பதற்கு அரசே பணம் கொடுக்கிறது, நீங்கள் யாருக்கும் பத்திரம் கொடுக்க வேண்டியதில்லை. திருவனந்தபுரத்து நீஸ்ட் அறிவியல் ஆய்வகம், மைசூரு சி.எஃப்.டி.ஆர்.ஐ. உணவு ஆராய்ச்சி நிறுவனம், அடையாற்றில் தோல் ஆராய்ச்சி நிறுவனம், தஞ்சாவூர் நிஃப்டெம் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் ஆகியவை இந்தப் பொருளில் வேலை நடக்கும் இடங்கள். ஆய்வு வேண்டாம், நேரே வேலைக்குப் போகிறேன் என்றால் கேரளத்தில் மசாலாச் சாறு எடுக்கும் ஆலைகளும், வண்ணம், பிசின், பிரேக் உதிரிபாகம் செய்யும் நிறுவனங்களும் பிரித்தெடுக்கவும் அளந்து சொல்லவும் தெரிந்தவர்களை எடுத்துக்கொள்கின்றன.

உங்கள் மைத்துனர் இரண்டு விஷயங்கள் சொன்னார். வேதியியல் படித்தால் பள்ளி ஆசிரியை ஆவதுதான் கடைசி என்பது ஒன்று. அதற்கு மேலே எழுதியதே பதில், ஆசிரியை ஆவதும் குறைச்சலான வேலை அல்ல. கணினி படித்த பெண்ணுக்கு நல்ல இடத்தில் மாப்பிள்ளை அமையும் என்பது இன்னொன்று. கல்யாணச் சந்தையின் நிலவரத்தை வைத்து நான் படிப்பைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதில்லை. அவர் அக்கறையோடுதான் பேசுகிறார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, ஆனால் கடன் தவணை கட்டப் போவது அவர் அல்ல. அதே வேகத்தில், "அப்படியானால் வீட்டுக்குப் பின்னாலேயே ஓட்டு எண்ணெய் ஆலை போட்டுவிடலாமா?" என்று இதைப் படித்துவிட்டு நீங்கள் கண் மலரக் கேட்டால், அதற்கும் இப்போதைக்கு வேண்டாம் என்பதே பதில். கரைப்பானையும் காய்ச்சி வடிப்பதையும் படிக்காமல் தொட்டால் தீ விபத்துதான் மிஞ்சும். ஐந்தாண்டு படிக்கட்டும், ஆலை வேண்டுமா என்பதை அப்போது அவள் சொல்வாள்.

முன்பணமாக 25,000 ரூபாய் கொடுத்திருப்பதாகவும் ரசீது தரவில்லை என்றும் சொன்னீர்கள். வகுப்பு தொடங்குவதற்கு முன் விலகினால் 1,000 ரூபாய்க்கு மிகாமல் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பது தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ. அமைப்பின் விதி. உங்கள் மைத்துனரையே அழைத்துக்கொண்டு போய், விலகல் கடிதத்தை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். வெறுங்கையோடு திருப்பி அனுப்பினால் எனக்குத் தெரிவியுங்கள். புகாரை எப்படி எழுதுவது என்று சொல்லித் தருகிறேன். அரசுக் கல்லூரி விண்ணப்பத்துக்கான கடைசி நாளை அதற்குள் தவறவிட்டுவிடாதீர்கள். அடுத்த முறை வரும்போது உங்கள் மகளோடு அவள் அம்மாவையும் உள்ளே உட்காரச் சொல்லுங்கள். அன்று கறுத்த விரல்களை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு அவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.