12 வருட ஹைபிரிட் காரில் பேட்டரி பழுது: மாற்றுவதா, விற்றுவிடுவதா?

பேட்டரி போய்விட்டது என்று சொன்னவரிடம் "எந்த பேட்டரி?" என்று கேட்டீர்களா? முதலில் அதைக் கேளுங்கள். உங்கள் 2013 டொயோட்டா ஹைபிரிட் கேம்ரியில் சிவப்பு முக்கோண எச்சரிக்கை விளக்கு எரிகிறது, பேட்டரியை மொத்தமாக மாற்றச் சொல்கிறார்கள், மாற்றுவதா கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் இருப்பதும் அதே வண்டிதான். ஆம்பூர் தோல் வியாபாரி ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கி, காட்பாடிக்கும் ராணிப்பேட்டைக்கும் நடுவே ஓட்டிக்கொண்டிருக்கிறேன். முக்கோணத்தையும் பார்த்தேன், கடைசியில் பேட்டரியையும் மாற்றினேன்.

இந்த வண்டியில் பேட்டரி இரண்டு. டிக்கியில் இருப்பது சாதாரண 12 வோல்ட். பின் சீட்டுக்குப் பின்னால் இருப்பது 244.8 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பெட்டி. நாம் பழகிய ஸ்டார்ட்டர் மோட்டார் இதில் கிடையாது. 12 வோல்ட் பேட்டரி வண்டியின் கம்ப்யூட்டர்களை எழுப்பி, பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலே என்ற சுவிட்சைப் போட்டுவிடும். அப்புறம் எஞ்சினைச் சுற்றிவிடுவது பெரிய பேட்டரியின் வேலை. சின்னது படுத்துவிட்டால் பட்டனை அமுக்கியதும் டேஷ்போர்டு மினுக்கும், டக் டக்கென்று சத்தம் வரும், கண்ட விளக்கெல்லாம் எரியும், வண்டி கிளம்பத் தயார் என்று காட்டும் 'ரெடி' விளக்கு மட்டும் வராது. இதைப் பார்த்துப் பெரிய பேட்டரிக்கே கொடேஷன் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். சின்ன பேட்டரியின் வோல்டேஜை அளக்க ஒரு மல்டிமீட்டர் போதும், இந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும். மாற்றுவதாக இருந்தால், பேட்டரி டிக்கிக்குள் இருப்பதால் வாயு வெளியே போகக் குழாய் பொருத்தும் ஏஜிஎம் (அமிலம் சிந்தாத) வகையாகப் பார்த்துப் போடுங்கள்.

'ரெடி' வருகிறது, வண்டியும் நகர்கிறது, ஆனாலும் முக்கோணம் எரிகிறது என்றால் பெரிய பெட்டியின் மேல் சந்தேகப்படலாம். ஸ்கேனரில் பி0ஏ80 (P0A80) என்ற பழுதுக் குறியீடு வந்திருக்கும். அதோடு நிறுத்தாதீர்கள். உள்ளே செல்கள் அடங்கிய சிறு பேட்டரிகளாக 34 மாட்யூல்கள், ஒவ்வொன்றும் 7.2 வோல்ட். இரண்டிரண்டாகச் சேர்த்து 17 பிளாக்குகளாகக் கம்ப்யூட்டர் கண்காணிக்கிறது. வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஒரு ப்ளூடூத் ஓபிடி கருவியும் 'டாக்டர் பிரியஸ்' ஆப்பும் இருந்தால் 17 பிளாக்கின் வோல்டேஜையும் ஓடும்போதே பார்க்கலாம். நீங்கள் ஓட்டுங்கள், பக்கத்தில் இருப்பவர் போனைப் பார்க்கட்டும். ஏலகிரி ஏறினால் 14 கொண்டை ஊசி வளைவுக்குள் உண்மை வெளியே வந்துவிடும். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது ஒரே ஒரு பிளாக் மட்டும் மற்றவற்றைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் தொபுக்கென்று விழுந்தால் அதில் ஒரு செல் போய்விட்டது என்று அர்த்தம். பல பிளாக்குகள் ஆளுக்கொரு பக்கம் ஆடினால் பெட்டிக்கே வயதாகிவிட்டது. சில சமயம் மாட்யூல்களை இணைக்கும் செம்புப் பட்டைகளில் பச்சைக் களிம்பு பிடித்தும் அளவு தப்பாகக் காட்டும். அதற்குச் சுத்தம் செய்தாலே போதும்.

இனி நம்ம ஊர் விஷயம். வேலூர் வெயில். இந்தப் பேட்டரிக்குத் தண்ணீர்க் குளிர்ச்சி கிடையாது. ஒரு ஃபேன் கேபினுக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி அதன்மேல் ஊதுகிறது, அவ்வளவுதான். நாம் மே மாதம் கிரீன் சர்க்கிள் பக்கம் வெயிலில் வண்டியை நிறுத்திவிட்டு மூன்று மணி நேரம் கழித்து வந்து எடுக்கிறோம். அடுப்புக் காற்றைத்தான் அது சுவாசிக்கிறது. சூடு ஏற ஏறக் கம்ப்யூட்டர் சார்ஜையும் டிஸ்சார்ஜையும் குறைத்துக்கொண்டே வரும். என் வண்டியில் பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டியதும் பின்னால் ஃபேன் ஓவென்று இரைய ஆரம்பித்தது. திரையில் பேட்டரி அளவு முழுசாக இருந்தது, ஒரு மேம்பாலம் ஏறி இறங்குவதற்குள் இரண்டு கட்டத்துக்கு வந்துவிட்டது. பிறகுதான் முக்கோணம் எரிந்தது. ஃபேனைக் கழற்றியபோது இறக்கை தெரியாத அளவுக்குத் தூசி. அதற்குள் தலைமுடி, முறுக்குத் தூள், எங்கள் வீட்டுப் பெண்கள் தலையிலிருந்து உதிர்ந்து காய்ந்து சருகாய்ப் போன மல்லிகை. சுத்தம் செய்து மாட்டியதும் விளக்கு அணைந்தது. மார்கழி, தை எல்லாம் ஒழுங்காக ஓடியது. அடுத்த கோடையில் மறுபடி எரிந்தது. வெந்துபோன செல்லைத் துடைப்பத்தால் பிழைக்க வைக்க முடியாது. ஆனாலும் வருடா வருடம் பங்குனிக்கு முன்பே இந்தச் சுத்தத்தைச் செய்யுங்கள், காற்று போகும் சந்தில் துண்டு, பை எதையும் வைக்க விடாதீர்கள்.

கெட்ட மாட்யூலை மட்டும் மாற்றித் தருகிறேன் என்பவர்கள் உண்டு. செலவு மிகக் குறைவுதான். இருந்தாலும் நம் வெயிலுக்கும் 12 வருடப் பெட்டிக்கும் நான் அதைச் சொல்ல மாட்டேன். மாட்யூல்கள் எல்லாம் ஒரே வரிசையில் தொடராக இருப்பவை. ஒன்று இளைத்தால் டிஸ்சார்ஜின்போது அதன் செல்லில் பிளஸ், மைனஸ் தலைகீழாகி, வாயு சேர்ந்து வீங்கும். நீங்கள் அதை மாற்றினால் மிச்சம் 33-ம் அதே வயதுதானே? ஐந்தாறு மாதத்தில் அடுத்தது. விற்கப் போகிற வண்டிக்கு மட்டும் இந்த ஒட்டு வேலை சரிப்படும், அதையும் வாங்குகிறவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

புதுப் பெட்டி லட்சக் கணக்கில்தான் ஆகும். வண்டி 2013 என்றால் 2028-ல் 15 வருடம் முடிந்து ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும், புதுப்பித்தால் இன்னும் 5 வருடம். அதுவரை வைத்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால், எஞ்சினும் பாடியும் நன்றாக இருந்தால், மாற்றுங்கள். நான் அப்படித்தான் மாற்றினேன். இரண்டு வருடத்தில் விற்கிற யோசனை என்றால் இப்போதே, பழுதைச் சொல்லியே, விற்பது மேல். புதுப் பெட்டி போட்ட செலவு விற்பனை விலையில் திரும்பி வராது.

யாரிடம் கொடுப்பது என்பதில் மட்டும் சிக்கனம் வேண்டாம். ஆற்காட்டில் நான் வழக்கமாகப் போகும் எலெக்ட்ரீஷியன் பாய் உயர் வோல்டேஜ் போகும் ஆரஞ்சு நிறக் கேபிளைப் பார்த்ததும் கையைக் கட்டிக்கொண்டார். "இதுல கை வெச்சா நான் வீடு போய்ச் சேர மாட்டேன் சார். ஏசி, ஹாரன்னா கொண்டாங்க." அவர்மேல் இருந்த மரியாதை அன்றைக்கு இன்னும் கூடியது. பெரிய பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை உருவிய பிறகும் மோட்டாருக்கு மின்சாரம் தரும் இன்வெர்ட்டரில் தங்கியிருக்கும் மின்சாரம் இறங்க 10 நிமிடம் காத்திருக்க வேண்டும், உயர் வோல்டேஜுக்கான ரப்பர் கையுறை போட வேண்டும். இது தெரியாதவர் திறக்கவே கூடாது. சென்னைக்கோ பெங்களூருக்கோ கொண்டுபோவதானால் நான்கு சக்கரமும் மேலே ஏறும் பிளாட்பெட் வண்டியில் ஏற்றுங்கள். முன் சக்கரம் தரையில் உருண்டால் உள்ளே இருக்கும் மோட்டாரும் சுற்றி மின்சாரம் உற்பத்தி செய்யும்.

அதுவரை ஓட்டியே ஆக வேண்டும் என்றால் பெட்ரோல் தீரவிடாதீர்கள். தீர்ந்தால் மிச்சமிருக்கும் சார்ஜும் உறிஞ்சப்பட்டு, எஞ்சினைக் கிளப்பவே வழியில்லாமல் போகும். வாரக்கணக்கில் சும்மாவும் போட்டுவைக்காதீர்கள், இந்த வகை பேட்டரி தானாகவே வடியும்.

கழற்றிய பழைய பெட்டியைப் பழைய இரும்புக் கடைக்குத் தூக்கிக் கொடுத்துவிட வேண்டாம். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அதைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. கொடேஷன் வாங்கும்போதே பழைய பெட்டிக்கு எவ்வளவு கழித்திருக்கிறார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.