பித்ரி ஜாடிக்கு புளி போடலாமா?

கேள்வி: கர்நாடகாவுல பீதர் போனப்ப கருப்பு கலர்ல வெள்ளிப்பூ வேலை செஞ்ச ஜாடி வாங்கிட்டு வந்தேன். மாமியார் குத்துவிளக்கோட சேத்து அதையும் புளி போட்டு தேய்ச்சுட்டாங்க, இப்ப திட்டு திட்டா சாம்பல் கலர்ல நிக்குது. ஏமாத்திட்டாங்களா சார்? (சேலம் வாசகி)

பதில்: ஏமாத்தலம்மா, அந்த சாம்பல் கலர்தான் அதோட நிஜ உடம்பு. பீதர்ல செய்யற இந்த மாதிரி சாமானுக்குத்தான் பித்ரின்னு பேர். பித்ரின்னா பெரும்பகுதி துத்தநாகம், 16 பங்குக்கு 1 பங்கு செம்புங்கிற கணக்குல உருக்கி மண் அச்சுல வார்க்கிறது. அப்புறம் மேல மயில்துத்தம் தடவி தற்காலிகமா கருப்பாக்கி, அதுல டிசைனை கீறி, உளியால பள்ளம் வெட்டி, வெள்ளிக் கம்பியையோ தகட்டையோ உள்ள வச்சு தட்டி இறக்குவாங்க. கம்பி வேலைன்னா தார்கஷி, தகடுன்னா தஹ்நிஷான். உங்க ஜாடியில காசு காசா வட்டப்பூ இருந்தா அது அஷ்ரபி பூட்டி, பழைய ஹூக்கா (புகை பிடிக்கிற குடுவை) அடிப்பாகத்துல எல்லாம் கசகசாச் செடி, கொடி வேலைதான் ஜாஸ்தி பாக்கலாம்.

நிரந்தரக் கருப்பு வர்றது கடைசியிலதான், அதுதான் எனக்கு ரொம்ப பிடிச்ச இடம். பீதர் கோட்டைக்குள்ள வெயிலும் மழையும் படாத மூலைகள்ல இருந்து மண் எடுத்து (நல்ல மண்ணான்னு நாக்குல வச்சு ருசி பாப்பாங்களாம்!) நவச்சாரம்ங்கிற உப்பு, தண்ணியோட கலந்து, சூடு பண்ணின சாமான்ல தேய்க்கிறாங்க. துத்தநாகம் கருத்துடும், வெள்ளி அப்படியே பளிச்சுன்னு நிக்கும். ஆனா அந்தக் கருப்பு மெல்லிசான தோல் மாதிரிதான், புளிப்பு பட்டா போச்சு. பெயின்ட் அடிச்ச டூப்பா இருந்தா பட்டை பட்டையா உரிஞ்சிருக்கும், உங்களுது அப்படி இல்லையே.

இப்ப நல்லா கழுவி ஈரம் இல்லாம துடைச்சு, தேங்காண்ணெய் துளி விட்டு மெத்துனு துணியால தேய்ங்க, கொஞ்சம் கருக்கும். முழுசா வேணும்னா பட்டறையிலதான் மறுபடி ஏத்தணும். வீட்டுல நவச்சாரத்தை சூடு பண்ணி ட்ரை பண்றேன்னு கிளம்பிடாதீங்க, புகை ஆகாது. அதுல ஊறுகாய், தயிர் எதுவும் வைக்காதீங்க.

கேள்வி: அப்போ தஞ்சாவூர் தட்டும் இதே டெக்னிக்தானா? (திருச்சி வாசகர்)

பதில்: இல்லீங்க. அதுல சாமி உருவத்தை வெள்ளித் தகட்டுல புடைப்பா எடுத்து, பின்னாடி அரக்கு குடுத்து பித்தளைத் தட்டு மேல பொருத்துறாங்க, உருவம் மேல தூக்கி நிக்கும். பெரும்பாலான பித்ரியில வெள்ளி உள்ள பதிஞ்சு சமமட்டமா இருக்கும், கண்ணை மூடி விரலால தடவிப் பாருங்க தெரியும்.